விதிவிலக்கு யாருக்கு? ஓட்டுநர் உரிமமும் சித்தூர், திருப்பதி உழைப்பாளிகளும்

திருமலை மலைப்பாதையில் வாகனம் ஏறுவதற்கு 28 நிமிடங்கள், இறங்குவதற்கு 40 நிமிடங்கள் என்று குறைந்தபட்ச நேரம் வகுக்கப்பட்டுள்ளது. அந்த நேரத்துக்கு முன்பாகவே சோதனைச் சாவடியை அடையும் வாகனம் அளவுமீறிய வேகத்தில் வந்ததாகவே கொள்ளப்படும். ஓட்டுநர் பதில் சொல்லியாக வேண்டும். இவ்விதியின் நியாயம் எவருக்கும் விளங்கக்கூடியது. கொண்டை ஊசி வளைவு ஆள் பார்ப்பதில்லை. வாடகை ஜீப்பாயினும் விலையுயர்ந்த காராயினும் தவறினால் பள்ளம் ஒன்றே.

ஆனால் அந்த வளைவில் வண்டி ஓட்டும் தகுதியைச் சான்றளிக்கும் ஓட்டுநர் உரிமத்தின் விதிகளோ ஆள் பார்க்கத் தொடங்கிவிட்டன. யாருக்குத் தேர்வு, யாருக்குத் தேர்விலிருந்து விலக்கு என்னும் கேள்விக்குக் கடந்த சில ஆண்டுகளாகத் தகுதியைக் காட்டிலும் பணமே விடையாகி வருகிறது.

சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் இது சிறிய செய்தி அன்று. 2022 ஏப்ரல் 4 அன்று சித்தூரின் கிழக்குப் பகுதியும் நெல்லூரின் ஒரு பகுதியும் சேர்ந்து திருப்பதி மாவட்டமாயின. பக்தர்களை ஏற்றிச் செல்லும் ஆட்டோ, ஜீப், டாக்சி ஓட்டுநர்கள். ஸ்ரீசிட்டி தொழிற்சாலைகளுக்கு ஒப்பந்தத் தொழிலாளரை அழைத்துச் செல்லும் பேருந்து, வேன் ஓட்டுநர்கள். கிரானைட் ஏற்றும் லாரிகள், பால் வண்டிகள், மாம்பழப் பருவத்தில் டிராக்டர்கள் என இம்மண்ணில் ஸ்டீயரிங்கைப் பிடித்துப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம். கூடுதல் நிலமோ உயர் கல்வியோ இல்லாத இளைஞனுக்கு ஓட்டுநர் உரிமம் என்பது அடையாள அட்டை அன்று; அது அவனுடைய தொழிற்கருவி.

சட்டம் தரும் விலக்குகள்

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 3ஆம் பிரிவில் உரிமமின்றி வாகனம் ஓட்டுவதைத் தடுக்கிறது. 18 வயது நிரம்பினால் சொந்த வாகனம், 20 வயது நிரம்பினால் போக்குவரத்து வாகனம். போக்குவரத்து வாகனத்துக்குப் பழகுநர் உரிமம் கேட்பவர் அதற்கு முன் ஓராண்டேனும் இலகுரக வாகன உரிமம் வைத்திருக்க வேண்டும் என்பது 7ஆம் பிரிவு. 2015ஆம் ஆண்டுத் திருத்தம் இ-ரிக்சா ஓட்டுநர்களுக்கு இந்த ஓராண்டு நிபந்தனையிலிருந்து விலக்களித்தது. 10 நாள் பயிற்சி போதும் என்றது. கைவண்டி மிதித்து உடல் தேய்ந்த ரிக்சாத் தொழிலாளி மின்கல வண்டிக்கு மாறுவதற்கு அந்த விலக்கு வழிவிட்டது.

9ஆம் பிரிவில் வேறு சில விலக்குகள் உண்டு. இராணுவ வாகனங்களை ஓட்டுவதற்கு உரிமம் பெற்றவரையும், வெளிநாட்டில் உரிய அதிகாரியிடம் உரிமம் பெற்றவரையும் ஓட்டுநர் தேர்விலிருந்து விலக்க உரிமம் வழங்கும் அதிகாரிக்கு இடமுண்டு. கடப்பை, சித்தூர்ப் பகுதிகளிலிருந்து குவைத்துக்கு ஓட்டுநர் வேலைக்குச் சென்று திரும்புவோருக்கு இது பயனுள்ளது.

இந்த விலக்குகளில் ஒரு பொது நியாயம் காணப்படுகிறது. அந்த மனிதரின் திறமையை ஏற்கெனவே ஒரு பொது அதிகார அமைப்பு சோதித்துள்ளது. எனவே மறுபடி சோதிக்க வேண்டியதில்லை. விலக்கு தேர்வை ஒழிக்கவில்லை. வேறோர் இடத்தில் நடந்த தேர்வை ஏற்றுக்கொள்கிறது. ஒரு விதிவிலக்கு நியாயமானதா என்று பார்ப்பதற்கு இதைவிடச் சிறந்த உரைகல் இல்லை.

விலைக்கு வரும் விலக்கு

2019ஆம் ஆண்டில் நிறைவேற்றப்பட்ட மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் இந்த நியாயத்தைக் கைவிட்டது. அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையத்தில் பயிற்சியை முடித்தவர் உரிமம் பெறத் தகுதியுடையவர் என்று 12ஆம் பிரிவில் புதிய வாசகம் சேர்க்கப்பட்டது. அதன்படி ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021 ஜூனில் விதிகளை அறிவித்தது. ஜூலை 1 முதல் அவை நடைமுறைக்கு வந்தன. அங்கீகரிக்கப்பட்ட மையம் தரும் சான்றிதழ் இருந்தால், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டி ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை.

இத்தகைய மையத்தை யார் நடத்த முடியும்? இலகுரக வாகனங்களுக்கு ஒரு ஏக்கர், கனரக வாகனங்களுக்கு இரண்டு ஏக்கர் நிலம் வேண்டும். சிமுலேட்டர் வேண்டும், தேர்வுத் தடம் வேண்டும். திருப்பதி நகரத்தின் ஓரத்தில் ஓர் ஏக்கர் நிலம் என்ன விலை விற்கிறது என்பதை அங்குள்ளவர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. இரட்டை பிரேக் பொருத்திய ஒரு பழைய காருடன் தெருமுனையில் ஓட்டுநர் பள்ளி நடத்துபவரால் இது ஆகாது. வாகன உற்பத்தி நிறுவனங்களும் தனியார் கம்பெனிகளும் தன்னார்வ அமைப்புகளும் இம்மையங்களைத் தொடங்கலாம் என்று அதே ஆண்டு ஆகஸ்டில் அமைச்சகம் தெளிவுபடுத்தியது. அதாவது, காரைச் செய்பவரே விற்று, வாங்கியவருக்கே ஓட்டக் கற்றுக்கொடுத்து, அவர் ஓட்டத் தகுதியானவர் என்று சான்றும் அளிக்கலாம்.

இத்திட்டத்தை ஆதரிப்போர் கூறும் வாதத்தைப் புறந்தள்ளிவிட இயலாது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத் தேர்வு பல இடங்களில் கண்துடைப்பாக உள்ளது. எட்டுப் போட்டுக் காட்டினால் போதும், புரோக்கர் இருந்தால் அதுவும் வேண்டாம் என்பது மக்களின் அனுபவம். புதிய மையங்களில் இலகுரக வாகனத்துக்கு நான்கு வாரங்களில் 29 மணி நேரமும், கனரக வாகனத்துக்கு ஆறு வாரங்களில் 38 மணி நேரமும் பயிற்சி உண்டு. பயிற்சி தேவை என்பதில் எவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் ஊழலுக்குத் தீர்வு, ஊழல் நடக்கும் பொறுப்பையே தனியாருக்கு விற்பது அன்று. கட்டணம் வாங்கிப் பயிற்சி அளிக்கும் மையம் தன் மாணவர் தோற்றார் என்று சான்றளிக்க எவ்வளவு விரும்பும்? ஜெர்மனியில் பயிற்சி தனியார் பள்ளிகளில் நடக்கிறது. தேர்வை நடத்துவது வேறு அமைப்பு. பிரிட்டனில் பயிற்சி எங்கு பெற்றாலும் கார் ஓட்டும் தேர்வை நடத்துவது அரசு முகமை. பயிற்றுவிப்பவர் கையிலேயே தேர்வை ஒப்படைக்கக் கூடாது என்னும் எச்சரிக்கை முதலாளித்துவ நாடுகளிலேயே இருக்கிறது. இந்தியாவிலோ நவதாராளமயத்தின் வேகம் அந்த எச்சரிக்கையையும் தாண்டிவிட்டது.

இன்னொரு பக்கமும் உண்டு. பழகுநர் உரிமத்துக்கு ஒரு வகைக்கு 150 ரூபாய், ஓட்டுநர் தேர்வுக்கு 300 ரூபாய், உரிமத்துக்கு 200 ரூபாய் என 2016 டிசம்பரில் ஒன்றிய அரசு கட்டணங்களை உயர்த்தியது. இவற்றை அரசாணை நிர்ணயிக்கிறது. நிலத்திலும் சிமுலேட்டரிலும் போட்ட முதலைத் தனியார் மையம் பயிற்சிக் கட்டணத்தில்தான் திரும்ப எடுக்கும். நான்கு வாரம் கூலியை விட்டுவிட்டுப் பயிற்சிக்குச் செல்ல எந்தக் கூலித் தொழிலாளியால் முடியும்? வசதியுள்ளவருக்குக் குளிரூட்டிய அறையில் பயிற்சியும் தேர்வு விலக்கும்; வசதியற்றவருக்கு வெயிலில் வரிசையும் புரோக்கரும். ஒரே உரிமத்துக்கு இரண்டு வாசல்கள் திறக்கப்பட்டுள்ளன.

எட்டாம் வகுப்புக் கதை

விதிவிலக்கின் வர்க்கத் தன்மையை எட்டாம் வகுப்பு நிபந்தனையின் வரலாறு தெளிவாகக் காட்டும். போக்குவரத்து வாகனம் ஓட்ட எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்ற விதி 2007இல் கொண்டுவரப்பட்டது. பள்ளியை எட்டாம் வகுப்புக்கு முன்பே விட்டவர் யார்? தலித், பழங்குடி, பிற்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள்; கிரானைட் குவாரியிலும் மாந்தோப்பிலும் வேலைக்குப் போன சிறுவர்கள். கல்வியைத் தராத அரசு, கல்வியில்லை என்று கூறித் தொழிலையும் மறுத்தது. பலர் உரிமமின்றி ஓட்டினர்; சிலர் போலிச் சான்றிதழ் வாங்கினர்; இரண்டிலும் இடைத்தரகரே கொழுத்தனர்.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2019 ஜூனில், இந்நிபந்தனையை நீக்குவதாக ஒன்றிய அரசு அறிவித்தது. அரியானாவின் மேவாத் பகுதி மக்கள் வாகனம் ஓட்டியே வாழ்வதையும், நாட்டில் ஏறத்தாழ 22 லட்சம் ஓட்டுநர்கள் பற்றாக்குறையாக இருப்பதையும் காரணமாகக் காட்டியது. நிபந்தனை நீங்கியது நல்லதே. ஆயினும், உழைப்பாளியின் உரிமைக்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் திறக்காத கதவு, சரக்குப் போக்குவரத்து முதலாளிகளுக்கு ஆள் கிடைக்காதபோது திறந்தது என்பதை மறக்கலாகாது. அதே ஆண்டு மே மாதம், எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு வழங்கிய உரிமங்களைத் திரும்பப் பெறுமாறு ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் கூறியிருந்ததும் நினைவுகூரத்தக்கது. ஒரு கை தள்ளுகிறது, மறு கை இழுக்கிறது. தள்ளப்படுபவரும் இழுக்கப்படுபவரும் ஒருவரே.

சரியான நிலைப்பாடு எது? சாலைக் குறியீடுகள் படங்களால் ஆனவை. அவற்றை அறிவதற்குப் பள்ளிச் சான்றிதழ் தேவையில்லை, பயிற்சி தேவை. பழகுநர் தேர்வை ஒருவர் தம் தாய்மொழியில், வாசிக்க இயலாதவராயின் காதால் கேட்டு எழுதும் வாய்ப்பு வேண்டும். 1911இல் உருவான சித்தூர் மாவட்டம் தெலுங்கும் தமிழும் உருதும் கன்னடமும் கலந்து வாழும் மண். 1960இல் திருத்தணி தமிழ்நாட்டுக்குச் சென்றது. நகரியும் புத்தூரும் குப்பமும் ஆந்திரத்தில் நின்றன. எல்லைக் கோடு மாறினாலும் சாலை மாறவில்லை. வேலூரில் பெற்ற உரிமம் சித்தூரிலும் செல்லும் என்று சட்டத்தின் 13ஆம் பிரிவு கூறுகிறது. உரிமம் நாடெங்கும் செல்லுமென்றால், அதற்கான தேர்வும் நாட்டு மக்களின் மொழிகளில் இருப்பதே முறை.

காப்பீட்டு நிறுவனங்களின் ஆயுதம்

உரிமத்தின் வகை குறித்த நுணுக்க விதிகளால் மிகுதியாக ஆதாயம் தேடியவை காப்பீட்டு நிறுவனங்கள். விபத்து நடந்தபின், ஓட்டுநரிடம் இருந்தது இலகுரக வாகன உரிமமே, போக்குவரத்து வாகனம் ஓட்டத் தனி ஒப்புதல் இல்லை என்று கூறி இழப்பீட்டை மறுப்பது அவற்றின் வழக்கம். பாதிக்கப்பட்ட மூன்றாம் நபருக்கு முதலில் நிறுவனம் கொடுத்துவிட்டு, பிறகு வாகன உரிமையாளரிடம் வசூலிக்கலாம் என்ற வழியை 2004இல் சுவரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. உரிமையாளர் பெரும் முதலாளியாயின் சமாளிப்பார். கடன் வாங்கி ஒரே ஆட்டோவை வைத்திருப்பவராயின் வண்டி போகும், வீடும் போகும்.

சித்தூரில் இது மாம்பழப் பருவத்தில் நேரடியாகப் புரியும். 2025இல் பெங்களூரா மாங்காயின் விலை வீழ்ந்தபோது, கிலோவுக்கு ஆலைகள் 8 ரூபாயும் அரசு மானியம் 4 ரூபாயும் என்று அறிவிக்கப்பட்டது. மாங்கூழ் ஆலைகளின் வாசலில் டிராக்டர்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்றன. உறக்கமின்றிக் காத்திருந்து இரவில் திரும்பும் டிராக்டர் விபத்தில் சிக்கினால் என்ன ஆகும்? டிராக்டருக்குத்தான் உரிமம், பின்னால் இணைத்த டிரெய்லருக்கு இல்லை என்று காப்பீட்டு நிறுவனம் வாதிடும். அப்படியொரு வாதத்தை 2001இல் நாகஷெட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் நிராகரித்தது. டிராக்டர் ஓட்ட உரிமம் பெற்றவர் டிரெய்லரை இணைத்ததனால் உரிமமற்றவர் ஆகிவிடுவதில்லை என்பது அத்தீர்ப்பு. இதை அறியாத விவசாயி இன்றும் நிறுவனத்தின் மறுப்புக் கடிதத்தைக் கண்டு அஞ்சி நிற்கிறார்.

2017இல் முகுந்த் தேவாங்கன் வழக்கில், 7,500 கிலோவுக்கு மேற்படாத போக்குவரத்து வாகனத்தை இலகுரக வாகன உரிமத்துடனேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காப்பீட்டு நிறுவனங்கள் ஓயவில்லை. பிரச்சினை ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வுக்குச் சென்றது. 2024 நவம்பர் 6 அன்று அந்த அமர்வும் அதே முடிவை உறுதிசெய்தது. இலகுரக உரிமம் பெற்றவர்கள் இத்தகைய வாகனங்களை ஓட்டுவதால்தான் விபத்துகள் மிகுகின்றன என்பதற்கு எந்தத் தரவும் முன்வைக்கப்படவில்லை என்று அது சுட்டிக்காட்டியது. ஆட்டோ, டாக்சி, சிறு சரக்கு வண்டி ஓட்டும் பல லட்சம் பேருக்கு இது பாதுகாப்பு. சட்டத்தையே திருத்துவது பரிசீலனையில் உள்ளதாக ஒன்றிய அரசு வழக்கின்போது கூறியிருப்பதால், தொழிற்சங்க இயக்கம் கண்ணயர்ந்து இருக்க இயலாது.

போராடிப் பெற்றவை

எல்லா விலக்குகளும் பணத்தின் பக்கம் நிற்பவை அல்ல. காது கேளாதோர் வாகனம் ஓட்ட இயலாது என்ற தடை, அவர்களது சங்கம் தொடுத்த வழக்கில் 2011இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் தளர்ந்தது. குறைந்த அல்லது நடுத்தர அளவில் நிறக்குருடு உடையோர் உரிமம் பெறலாம் என்று 2020 ஜூனில் விதி திருத்தப்பட்டது. மாற்றுத்திறனாளிகளுக்கேற்ப மாற்றியமைத்த வாகனங்களுக்குச் சட்டத்தில் இடம் கிடைத்தது. இவற்றிலும் தேர்வு கைவிடப்படவில்லை. உடலைப் பற்றிய முன்முடிவே கைவிடப்பட்டது. ஓட்டிக் காட்டு, தகுதியிருந்தால் பெற்றுக்கொள் என்பதே இவற்றின் பொருள். பணத்தால் வரும் விலக்கு தேர்வை விலக்குகிறது. போராட்டத்தால் வந்த விலக்கு பாகுபாட்டை விலக்குகிறது.

உரிமம் பெற்ற பிறகு

உரிமம் கையில் வந்தபின் உழைப்பாளிக்குக் காத்திருப்பவை தண்டனைகளே. உரிமமின்றி ஓட்டினால் 500 ரூபாயாக இருந்த அபராதம் 2019 திருத்தத்தில் 5,000 ரூபாயாயிற்று. காலாவதியான உரிமத்தை ஐந்தாண்டுகள் வரை மறுதேர்வின்றிப் புதுப்பிக்கலாம் என்றிருந்தது ஓராண்டாகச் சுருங்கியது. வெளிநாட்டு வேலையிலோ நோயிலோ காலம் கடந்தவர் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவு பத்தாண்டுச் சிறையைக் காட்டியபோது, 2024 சனவரியின் முதல் நாள்களில் லாரி ஓட்டுநர்கள் நாடெங்கும் வண்டிகளை நிறுத்தினர். அப்பிரிவு இன்னும் நடைமுறைக்கு வராமல் நிற்பது அவர்களின் ஒற்றுமைக்குக் கிடைத்த பலன்.

சலுகைகளிலும் இதே கணக்குத்தான். பெண்களுக்குப் பேருந்தில் கட்டணமில்லாப் பயணம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது. அது வரவேற்கத்தக்க நடவடிக்கை. வருவாய் குறைந்த ஆட்டோ ஓட்டுநர்களுக்காக அக்டோபர் 4 அன்று 15,000 ரூபாய் உதவித் திட்டத்தை மாநில அரசு தொடங்கியது. சொந்த வண்டியை ஓட்டுவோருக்கு அது கிடைக்கிறது. பிறர் ஆட்டோவை நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டுபவருக்கு இல்லை. உரிமம் ஒன்றே, சாலை ஒன்றே, வருவாய் இழப்பும் ஒன்றே. உதவி மட்டும் உடைமையைப் பார்த்து வருகிறது.

மேலும், விபத்துகளின் வேரை உரிம விதிகளில் மட்டுமே தேடுவது ஏமாற்று. 2022 மார்ச்சில் பாக்கராப்பேட்டை மலைப்பாதையில் திருமண நிச்சயத்துக்கு வந்தவர்களின் பேருந்து பள்ளத்தில் விழுந்தது. 2024 செப்டம்பரில் மொகிலி மலைச்சாலையில் அரசுப் பேருந்தும் லாரியும் மோதிப் பலர் மாண்டனர். இத்தகைய ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் ஓட்டுநரின் உரிமம் சோதிக்கப்படுகிறது. அவர் எத்தனை மணி நேரம் உறங்காமல் ஓட்டினார், சாலையின் சரிவும் தடுப்பும் எப்படி இருந்தன, வண்டியின் பிரேக்கை யார் பராமரித்தார் என்ற கேள்விகள் பின்தள்ளப்படுகின்றன. நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரையறுத்த 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களுக்குள் கரைக்கப்பட்டுவிட்டது.

மாற்று வழி

மாற்று இல்லாமல் இல்லை. 2024 ஜூனில் கேரளத்தில் இடது ஜனநாயக முன்னணி அரசின் காலத்தில், அரசுப் போக்குவரத்துக் கழகமே தனியாரைவிடக் குறைந்த கட்டணத்தில் ஓட்டுநர் பள்ளிகளைத் தொடங்கியது. அதே ஆண்டில் அங்கு தேர்வு முறை கடுமையாக்கப்பட்டபோது சிறு ஓட்டுநர் பள்ளிகள் போராடியதும், அரசு சில தளர்வுகளைச் செய்ததும் உண்டு. சீர்திருத்தம் சிறு பள்ளிகளை நசுக்காமல் அவற்றையும் உடன் அழைத்துச் செல்ல வேண்டும் என்பது அதிலிருந்து பெறும் பாடம்.

ஆந்திரத்தில் ஆர்டிசியிடம் பணிமனைகள் உள்ளன, மலைப்பாதையில் பல்லாண்டு வண்டி ஓட்டிய ஓட்டுநர்கள் உள்ளனர், நிலமும் உள்ளது. தனியார் மையத்தின் சிமுலேட்டர் கற்றுத்தர இயலாததைத் திருமலைப் பாதையில் முப்பதாண்டு ஓட்டிய ஒருவர் கற்றுத்தர முடியும்.

எனவே பின்வரும் கோரிக்கைகளைக் கட்சியும் தொழிற்சங்கங்களும் முன்னெடுக்க வேண்டும்.

1. பயிற்சி எங்கு பெற்றாலும் தேர்வை அரசே நடத்த வேண்டும்; தனியார் மையச் சான்றிதழுக்கான தேர்வு விலக்கு ரத்து செய்யப்பட வேண்டும்.

2. திருப்பதியிலும் சித்தூரிலும் ஆர்டிசி பணிமனைகளில் பொதுப் பயிற்சி மையங்கள் வேண்டும். தலித், பழங்குடி, நிலமற்ற குடும்பங்களின் இளைஞர்க்கும் பெண்களுக்கும் கட்டணமின்றி, பயிற்சிக் காலத்துக்கு உதவித்தொகையுடன் கற்பிக்க வேண்டும்.

3. பழகுநர் தேர்வு தமிழ் உள்ளிட்ட மாவட்ட மக்களின் மொழிகள் அனைத்திலும், கேட்டு விடையளிக்கும் வசதியுடன் நடைபெற வேண்டும்.

4. வாடகை வண்டி ஓட்டும் ஓட்டுநர்களும் மாநில அரசின் உதவித் திட்டத்தில் சேர்க்கப்பட வேண்டும்.

5. 2024ஆம் ஆண்டின் அரசியல் சாசன அமர்வுத் தீர்ப்பைப் பலவீனப்படுத்தும் திருத்தம் எதுவும் கூடாது.

கோரிக்கை மனுவோடு வேலை முடிவதில்லை. ஆட்டோ நிறுத்தத்திலும் லாரி நிறுத்தத்திலும் மாங்கூழ் ஆலை வாசலிலும் உள்ள ஓட்டுநர்களின் உரிமங்கள் எப்போது காலாவதியாகின்றன, எந்த வகைக்கு உரியவை என்று பார்த்துச் சொல்ல ஒவ்வொரு கிளையிலும் இரு தோழர்கள் போதும். விண்ணப்பத்தை நிரப்பித் தந்தால் ஒரு புரோக்கரின் வருமானம் குறையும். காப்பீட்டு நிறுவனத்தின் மறுப்புக் கடிதத்துக்குத் தீர்ப்பைக் காட்டிப் பதில் எழுதித் தந்தால் ஒரு குடும்பத்தின் வண்டி மிஞ்சும். அந்தக் குடும்பம் அடுத்த முறை சங்கக் கூட்டத்துக்கு அழைக்காமலேயே வரும்.